ஹைப்போவும் எண்ணூர்க் கழிமுகமும்

பள்ளி மாணவர்கள் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள். திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, ராயபுரம் பக்கத்திலிருந்து பெற்றோரும், எண்ணூர்க் குப்பங்களிலிருந்து மீனவப் பெரியவர்களும் வந்திருக்கிறார்கள். எல்லோருக்கும் புரியும்படி பேசவேண்டும் என்பதால் சமன்பாடு எதையும் பலகையில் எழுதப் போவதில்லை. செய்து காட்டியபடியே சொல்கிறேன்.

மேசைமேல் இருக்கும் புட்டியில் கற்கண்டு மாதிரித் தெரிவது சோடியம் தயோசல்ஃபேட். ஃபோட்டோ ஸ்டுடியோக்காரர்களும், கொளத்தூரில் அலங்கார மீன் விற்பவர்களும் ஹைப்போ என்பார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை வாழும் நாம், நம் காற்றையும் தண்ணீரையும் பற்றிய எண்களைப் பிறர் சொல்லக் கேட்டே பழகியிருக்கிறோம். அந்த எண்களில் சிலவற்றை நாமே எடுக்கலாம். அதற்கு வேண்டிய முக்கியமான பொருள் இந்த உப்புதான். இன்று நான் சொல்ல வந்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் அதற்கான விளக்கம்.

முதலில் இதைக் கொஞ்சம் தெரிந்துகொள்வோம். ஒரு குவளைத் தண்ணீரில் இரண்டு கரண்டி ஹைப்போவைப் போட்டுக் கலக்குங்கள். குவளை சில்லிட்டுப் போகும். கரைவதற்கு வேண்டிய வெப்பத்தைத் தண்ணீரிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. இதற்கு நேரெதிரான ஒன்றையும் பார்க்கலாம். படிகத்துக்குள்ளேயே ஐந்து மடங்கு நீர் மூலக்கூறுகள் கட்டுண்டிருப்பதால், 48 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கினாலே இது உருகி நீர்மமாகிவிடும். சுத்தமான சோதனைக்குழாயில் உருக்கி, அசைக்காமல் ஆறவிட்டால், அறை வெப்பத்துக்கு வந்த பிறகும் நீர்மமாகவே இருக்கும். அதில் ஒரே ஒரு சிறு படிகத்தைப் போடுங்கள். அந்த இடத்திலிருந்து ஊசி ஊசியாகப் படிகம் வளர்ந்து நொடிகளில் குழாய் முழுக்க இறுகும். குழாயைப் பிடித்திருக்கும் கை சூட்டை உணரும். வேதியியலில் ஆசை வைக்கும் எந்தப் பிள்ளையும் முதலில் செய்யவேண்டிய சோதனை இது என்பது என் எண்ணம். ஆபத்து இல்லை, செலவும் குறைவு. ஆற்றல் எங்கே ஒளிந்திருந்தது என்ற கேள்வி தானாகவே எழும்.

அடுத்தது, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தெரிந்தது. வெள்ளைத் தாளில் ஒரு பெருக்கல் குறி போட்டு, அதன்மேல் ஹைப்போக் கரைசல் உள்ள குடுவையை வைத்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றுகிறோம். சில நொடி ஒன்றும் நடக்காது. பிறகு லேசான நீலம் படர்ந்து, பால் போலாகி, மஞ்சளாகி, பெருக்கல் குறி மறைந்துபோகும். மறைய எத்தனை நொடி ஆயிற்று என்பதுதான் வேகத்தின் அளவு. கரைசலைப் பாதியாக நீர்த்தால் நேரம் ஏறத்தாழ இரு மடங்காகும். சூடாக்கினால் சட்டென்று குறையும். ஒரு கைக்கடிகாரத்தை மட்டும் வைத்துக்கொண்டு வினையின் வேகத்தை அளக்க முடிகிறது.

குறியை மறைத்த அந்த மஞ்சள், கந்தகம். கூடவே மூக்கில் ஏறும் வாயு, கந்தக டைஆக்சைடு. இங்கே கொஞ்சம் நிற்கவேண்டும், ஏனென்றால் இவை இரண்டும் நம் ஊரில் வெகுகாலமாகக் குடியிருப்பவை. மணலியில் சுத்திகரிப்பு ஆலை கச்சா எண்ணெயிலிருந்து கந்தகத்தைப் பிரித்தெடுக்கிறது. எண்ணூரின் உர ஆலையில் கந்தகம்தான் கந்தக அமிலமாகிறது. அனல்மின் நிலையங்களில் நிலக்கரி எரியும்போது அதிலுள்ள கந்தகம் டைஆக்சைடாகப் புகைபோக்கி வழியே வெளியேறுகிறது. ஹைப்போவும் கந்தகத்தின் பிள்ளைதான். சோடியம் சல்ஃபைட்டுக் கரைசலில் கந்தகத்தூளைப் போட்டுக் கொதிக்கவைத்தால் ஒரு கந்தக அணு கூடுதலாக ஒட்டிக்கொள்கிறது. அமிலம் பட்டால் அந்த ஒட்டு விட்டுப்போய், கந்தகம் படிவாகவும் டைஆக்சைடு வாயுவாகவும் பழையபடி வெளியே வருகின்றன. ஆகவே இந்தச் சோதனையைச் சன்னல் திறந்த இடத்தில், சிறு அளவில் மட்டும் செய்யுங்கள். ஆஸ்துமா உள்ள பிள்ளைகள் பக்கத்தில் நிற்க வேண்டாம். இந்தப் பகுதியில் இன்ஹேலர் வைத்திருக்கும் பிள்ளைகள் எத்தனை பேர் என்பதை ஆசிரியர்கள் அறிவார்கள்.

ஃபோட்டோக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தண்ணீரில் கரையாத வெள்ளி உப்புகள் ஹைப்போவில் கரையும் என்பதை 1819-இல் எழுதியவர் ஜான் ஹெர்ஷல். இருபது ஆண்டு கழித்து, 1839-இல், ஒளியால் பதிந்த படம் கருத்துப்போகாமல் காக்க அதே குணம் உதவியது. ஒளி படாத வெள்ளி உப்பை ஹைப்போ கரைத்து எடுத்துவிட, படம் நிலைத்தது. மதராஸ் அரசின் படப்பிடிப்பாளராக இருந்த லின்னேயஸ் டிரைப் 1858-இல் மதுரையையும் தஞ்சாவூரையும் எடுத்த படங்கள் இன்றும் இருக்கின்றன என்றால் அதற்குப் பின்னால் இந்த வேதியியல் இருக்கிறது. அதே ஹைப்போவைச் சரியாகக் கழுவாமல் விட்டால் தாளில் தங்கிய கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து படத்தைப் பழுப்பாக்கி அழித்தும்விடும். உங்கள் வீட்டில் தாத்தா பாட்டியின் கல்யாணப் படம் மஞ்சளடித்துப் போயிருந்தால், அன்றைக்கு ஸ்டுடியோவில் கழுவத் தண்ணீர் போதாமல் போயிருக்கலாம். ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறைகளிலும் டிஜிட்டல் வரும்வரை இதே குடும்பத்து உப்புகள்தான் வேலை செய்தன. பயன்படுத்திய கரைசலில் வெள்ளி கரைந்திருக்கும். அதைச் சாக்கடையில் ஊற்றக்கூடாது. வெள்ளி, நீரில் வாழும் சிற்றுயிர்களுக்கு நஞ்சு.

மீன்தொட்டிக்கு வருவோம். குழாய்த் தண்ணீரில் கிருமியைக் கொல்லக் குளோரின் சேர்க்கிறார்கள். நம் வீட்டுக் குழாய்வரை வரும்போது லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மீந்திருக்கவேண்டும் என்பது இந்தியத் தரநிலை. நமக்கு நல்லதான அந்தக் குளோரின் மீனின் செவுளை அரித்துவிடும். ஒரு மில்லிகிராம் குளோரினைச் செயலிழக்கச் செய்ய ஏறத்தாழ ஏழு மில்லிகிராம் ஹைப்போ போதும். நூறு லிட்டர்த் தொட்டியில் லிட்டருக்கு அரை மில்லிகிராம் குளோரின் இருந்தால், வேண்டிய ஹைப்போ அரை கிராமுக்கும் குறைவு. பிள்ளைகள் கைப்பிடி கைப்பிடியாக அள்ளிப் போடுவதைப் பார்த்திருக்கிறேன். அவ்வளவு தேவையில்லை.

இந்தக் குணத்துக்கு இன்னொரு பெரிய பயன் இருக்கிறது. குடிநீரில் கிருமி இருக்கிறதா என்று சோதிக்க மாதிரி எடுக்கும் புட்டியில், கிருமிநீக்கம் செய்வதற்கு முன்பே சில துளி ஹைப்போக் கரைசலை விட்டிருப்பார்கள். இல்லாவிட்டால் குழாயில் எடுத்த தண்ணீரிலுள்ள குளோரின், ஆய்வகத்துக்குப் போகும் வழியெல்லாம் கிருமிகளைக் கொன்றுகொண்டே போகும். நம் தெருவில் வந்த தண்ணீர் உண்மையில் எப்படி இருந்தது என்பது தெரியாமலே போய்விடும். லாரித் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுக்கும்போது, வெறும் மினரல் வாட்டர் பாட்டிலில் பிடித்துக் கொடுக்காதீர்கள். அந்த முடிவை நம்ப முடியாது.

இப்போது ஒரு கனமான விஷயம். ஆலைகளுக்கு நடுவே வாழ்கிற நமக்கு இது தெரிந்திருக்கவேண்டும். 1984 டிசம்பர் 2-ஆம் தேதி இரவு போபாலில் யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து மீத்தைல் ஐசோசயனேட் கசிந்தது. இறந்தவர்களின் உடல்களை ஆராய்ந்த காந்தி மருத்துவக் கல்லூரியின் சட்ட மருத்துவ அறிஞர் டாக்டர் ஹீரேஷ் சந்திரா, இரத்தத்தின் அசாதாரணச் சிவப்பைப் பார்த்துச் சயனைடு நஞ்சைச் சந்தேகித்தார். சயனைடுக்கு ஹைப்போ ஊசி பழைய முறிமருந்து. உடலிலுள்ள ஒரு நொதி, ஹைப்போவின் கந்தக அணுவை எடுத்துச் சயனைடோடு சேர்க்கிறது. நஞ்சு தயோசயனேட்டாக மாறிச் சிறுநீரில் வெளியேறுகிறது. ஊசி போட்ட பிறகு சிறுநீரில் தயோசயனேட்டு ஏறுகிறதா என்று பார்த்தால், உடலுக்குள் சயனைடு இருந்ததா என்பதற்கு அதுவே சான்றாகவும் ஆகும்.

அந்த ஊசியைப் பரவலாகப் போடலாமா கூடாதா என்பதில் பெரும் சச்சரவு எழுந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சோதனை நடத்தி அதைப் பரிந்துரைத்தது. பாதிக்கப்பட்டவர்களும் தன்னார்வ மருத்துவர்களும் சேர்ந்து நடத்திய ஜன ஸ்வாஸ்த்ய கேந்திரத்தில் ஊசி போட்டுப் பதிவேடு வைத்தார்கள். 1985 ஜூனில் போலீஸ் அங்கே நுழைந்து மருத்துவர்களைக் கைது செய்தது. போபாலில் சயனைடின் பங்கு எவ்வளவு என்பதில் ஆய்வாளர்களிடையே இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. ஆனால் ஒன்று என் மனதை விட்டுப் போகவில்லை. தங்கள் உடலில் என்ன இருக்கிறது என்று அளந்து பார்க்கும் உரிமைக்காகவே அந்த மக்கள் போராட வேண்டியிருந்தது.

கடையில் வாங்கும் ஹைப்போவை உடம்புக்குள் செலுத்த நினைக்கவே கூடாது. அது மருத்துவர் கையில், மருந்துத் தரத்தில் இருக்கவேண்டியது. இன்னொன்று, 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து கசிந்தது அமோனியா. அமோனியாவுக்கு ஹைப்போ எந்த உதவியும் செய்யாது. அங்கே தண்ணீரும், காற்று வீசும் திசைக்குக் குறுக்காக விலகி ஓடுவதும்தான் முதலுதவி. ஒவ்வொரு நஞ்சுக்கும் தனித்தனி வேதியியல் இருக்கிறது. பக்கத்து ஆலைக்குள் என்ன இருக்கிறது என்பது தெருவில் உள்ளவர்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும் என்று கேட்பது அதனால்தான்.

இனி அளப்பது பற்றி. அயோடினும் ஹைப்போவும் சந்தித்தால் அயோடின் நிறமிழக்கும். வீட்டிலேயே பாருங்கள்: ஒரு குவளைத் தண்ணீரில் நாலைந்து சொட்டு பீட்டாடின், ஒரு கரண்டி வடித்த கஞ்சியின் தெளிவு. கருநீலமாகும். ஹைப்போக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். கடைசிச் சொட்டில் நீலம் பளிச்சென்று மறையும். அந்த மறைவு திடீரென்று நடப்பதுதான் இதன் பெருமை. எத்தனை மில்லி ஹைப்போ விட்டோம் என்று தெரிந்தால் எவ்வளவு அயோடின் இருந்தது என்பது தெரிந்துவிடும். வேறொரு பொருளை அயோடினாக மாற்ற முடிந்தால் அதையும் அளந்துவிடலாம்.

வீட்டு உப்பை எடுத்துக்கொள்வோம். எண்ணூர், அத்திப்பட்டு உப்பளங்களும், பக்கிங்காம் கால்வாயில் படகேறி வந்த உப்பை இறக்கிய சால்ட் கோட்டர்ஸும் நம் பகுதியின் வரலாறு. 2006 மே மாதத்திலிருந்து அயோடின் சேர்க்காத உப்பை உணவுக்கு நேரடியாக விற்கத் தடை இருக்கிறது. கடைக்கு வரும்போது கிலோவுக்குக் குறைந்தது 15 மில்லிகிராம் அயோடின் இருக்கவேண்டும். பத்து கிராம் உப்பைக் கரைத்து, கொஞ்சம் நீர்த்த கந்தக அமிலமும் பொட்டாசியம் அயோடைடும் சேர்த்து, இருட்டில் பத்து நிமிடம் வைத்தால், உப்பிலுள்ள அயோடேட்டு அயோடினாக வெளிப்படும். 0.005 மோலார் ஹைப்போவால் தரம் பார்த்தால், அதாவது கஞ்சித் தெளிவின் நீலம் மறையும்வரை சொட்டுச் சொட்டாக விட்டால், ஒவ்வொரு மில்லிக்கும் கிலோவுக்கு 10.58 மில்லிகிராம் அயோடின். ஒன்றரை மில்லியை எட்டுவதற்குள்ளேயே உங்கள் கடை உப்பு தேறிவிட்டதா என்று தெரிந்துவிடும். மூடாத சாடியில், அடுப்புப் பக்கம் வைத்த உப்பையும் புதுப் பாக்கெட்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

கழிமுகத்துக்கு வருகிறேன். மீனவப் பெரியவர்களைக் கேட்டால் கொசஸ்தலை ஆறும் பக்கிங்காம் கால்வாயும் கடலும் சந்திக்கும் எண்ணூரில் ஒரு காலத்தில் இறாலும் மடவையும் பச்சை நண்டும் எப்படிக் கிடைத்தன என்று சொல்வார்கள். பிறகு சாம்பல் வந்தது, அனல்மின் நிலையத்தின் வெந்நீர் வந்தது, 2017 ஜனவரியில் கப்பல் மோதலால் எண்ணெய் வந்தது, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மறுபடியும் எண்ணெய் வந்தது. தண்ணீரில் கரைந்த ஆக்சிஜன் இல்லாமல் மீன் வாழாது. வெப்பம் ஏற ஏற நீர் பிடித்துவைக்கும் ஆக்சிஜன் குறையும். 30 டிகிரியில் நன்னீர் லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம் அளவுக்குத்தான் தாங்கும், கடல்நீர் ஆறைச் சற்றே தாண்டும். மீன்வளத்துக்குக் குறைந்தது நான்கு மில்லிகிராம் வேண்டும் என்பது நம் நாட்டின் அளவுகோல். ஆக, இயற்கையே கொடுத்திருக்கும் இடைவெளி சிறியது. வெந்நீரும் சாக்கடையும் அதைத் தின்றுவிடுகின்றன.

இதை அளக்கும் வழியை 1888-இல் ஹங்கேரியின் லாயோஷ் விங்க்லர் தந்தார். மின்கருவி ஏதும் வேண்டாம். 300 மில்லி கண்ணாடிப் புட்டியில், குமிழி ஒன்றுகூட இல்லாமல், நீர்ப்பரப்புக்குக் கீழிருந்து தண்ணீரை நிரப்புகிறோம். பிப்பெட் முனையை நீருக்குள் விட்டு இரண்டு மில்லி மாங்கனீஸ் சல்ஃபேட், இரண்டு மில்லி காரம் கலந்த அயோடைடு. மூடிக் கவிழ்த்துக் கவிழ்த்துக் கலக்கினால் படிவு வரும். வெள்ளையாகவே இருந்தால் ஆக்சிஜன் இல்லை. பழுப்பானால் இருக்கிறது. படகிலேயே, கரையிலேயே, கண்ணாலேயே பாதி விடை தெரிந்துவிடும். பிறகு அடர் கந்தக அமிலம் இரண்டு மில்லி விட்டால் படிவு கரைந்து, ஆக்சிஜன் எவ்வளவோ அதற்குச் சமமாக அயோடின் வெளிவரும். 200 மில்லி எடுத்து 0.025 நார்மல் ஹைப்போவால் தரம் பார்க்கவேண்டும். அளவை யாரோ நமக்கென்றே வகுத்துக் கொடுத்ததுபோல, ஒரு மில்லி ஹைப்போவுக்கு லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் ஆக்சிஜன். கணக்குப் போடவே வேண்டாம். பியூரெட்டில் மூன்று என்று நின்றால் கழிமுகத்தில் மூன்று.

ஹைப்போக் கரைசல் ஒரு லிட்டருக்கு 6.205 கிராம். ஆறவைத்த கொதிநீரில் கரைத்து, ஒரு சிட்டிகை சோடியம் கார்பனேட்டு போட்டு, அடர்நிறப் புட்டியில் வையுங்கள். காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடும் சில கிருமிகளும் இதைச் சிதைக்கும். அதனால் ஒவ்வொரு முறையும் அளக்கப் போகும்முன், எடைபோட்ட பொட்டாசியம் அயோடேட்டால் கரைசலின் வலிமையைச் சரிபார்க்கவேண்டும். இதைத் தவிர்த்தால் எண்கள் எல்லாம் வீண். பள்ளி ஆய்வகங்களில் டைகுரோமேட்டைக் கொடுப்பது வழக்கம். அது புற்றுநோய் தரக்கூடியது, அயோடேட்டே நல்லது. அடர் அமிலத்தைப் பிள்ளைகள் தொடக்கூடாது. கரையில் பழுப்புப் படிவு வரை செய்து, புட்டியைத் துணியால் மூடி ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தால் சில மணி நேரம் தாங்கும். அமிலத்தை ஆசிரியர் விடட்டும்.

இதன் எல்லைகளையும் சொல்லவேண்டும். நைட்ரைட்டு நிறைந்த கழிவுநீரில் அளவு கூடிக் காட்டும். ஆய்வகங்கள் அதற்குச் சோடியம் அசைடு சேர்க்கின்றன. அசைடு கொடிய நஞ்சு, நாம் அதைத் தொடப் போவதில்லை. கால்வாயின் கறுத்த, அழுகிய முட்டை நாற்றமடிக்கும் இடங்களில் ஹைட்ரஜன் சல்ஃபைடு அயோடினைத் தின்றுவிடும், அளவு குறைத்துக் காட்டும். அங்கே எப்படியும் ஆக்சிஜன் பூச்சியத்தை ஒட்டித்தான் இருக்கும். இரும்புக் கழிவு கலந்தாலும் அளவு தவறும். எண்ணெய்ப் படலம் இருந்தால் புட்டியின் வாயை மூடிய நிலையில் படலத்துக்குக் கீழே இறக்கித் திறக்கவேண்டும். ஆகவே நம் எண்களை மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரிகளின் எண்களோடு வரிக்கு வரி வைத்து வழக்காட முடியாது. ஆனால் ஓராண்டு விடாமல் எடுத்தால், எந்த இடத்தில், எந்த மாதத்தில், நாளின் எந்த நேரத்தில் மீனுக்கு மூச்சு முட்டுகிறது என்பது தெரிந்துவிடும். அதிகாரிகளிடம் போய் இன்ன இடத்தில் அதிகாலையில் வந்து அளவெடுங்கள் என்று கேட்க அது போதும்.

அதிகாலை என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. பகலில் பாசி ஆக்சிஜன் விடுவதால் உச்சிவேளை அளவு நன்றாகவே இருக்கும். விடியும் முன்தான் மிகக் குறையும். இருட்டில் மீன் செத்து மிதந்தால், பத்து மணிக்கு வந்து அளப்பவருக்கு அதன் காரணம் தெரியாது. குப்பத்தில் அந்த நேரத்தில் விழித்திருப்பவர்கள் யார்? வலை எடுக்கப் போகிறவர்கள்தானே? அவர்களோடு பிள்ளைகளும் ஒரு புட்டியோடு போகட்டும். முகத்துவாரத்தில் ஒன்று, ரயில் பாலத்துக்குக் கீழே ஒன்று, கால்வாய் ஆற்றில் சேரும் இடத்துக்கு மேலே ஒன்று, வெந்நீர் வந்து கலக்கும் இடத்துக்குக் கீழே ஒன்று. நோட்டில் தேதி, மணி, ஏற்றமா வற்றமா, நீரின் வெப்பம், மணல்திட்டு வாயை அடைத்திருக்கிறதா, அன்று என்ன மீன் பட்டது, தரம் பார்த்தவர் யார் என்பதை எழுதுங்கள். தவறாக வந்த அளவையும் அடிக்காமல் எழுதுங்கள். சந்தேகப்படும் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு குறி போட்டால் போதும்.

புட்டிகளைச் சோப்பு போட்டுக் கழுவாதீர்கள், கழிமுகத் தண்ணீரிலேயே மூன்று முறை அலசினால் போதும். மீந்த கரைசல்களைக் கால்வாயில் கொட்டாமல் ஒரு கேனில் சேர்த்துப் பள்ளியில் கொடுங்கள்.

இன்று விடியும் முன் முகத்துவாரத்தில் எடுத்த புட்டி ஒன்று, அமிலம் விட்டு, இதோ மேசையில் இருக்கிறது. இந்தக் கூடத்துக் குழாய்த் தண்ணீர் பக்கத்துப் புட்டியில். இரண்டின் நிறத்தையும் முதலில் பாருங்கள். பியூரெட்டில் ஹைப்போவை நிரப்பி வைத்திருக்கிறேன். யாராவது இரண்டு பேர் மேலே வாருங்கள், ஒருவர் சொட்டு விடட்டும், மற்றவர் குடுவையைச் சுழற்றட்டும். வெளிர் மஞ்சளாகும்வரை கஞ்சித் தெளிவை விடவேண்டாம்.